கூலியாள் வைத்துப் பயிரிடுவோர் அறியவேண்டிய சட்ட மாறுதல்கள்

பயிர்த்தொழிலுக்கு இன்றியமையாத நிலம், நீர், விதை, எரு என்னும் நான்கையும் பற்றி இப்பத்திரிகையில் மாதந்தோறும் எழுதப்பட்டு வருகிறது. ஐந்தாவதாகிய ஆள்வேலையைப் பற்றி எழுதப்பட்டது சொற்பமே. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் வெளியாள் வையாமல் பயிரிடுகிறவர் நம்மில் மிகச் சிலர். நாலு ஆளை ஒரு நாள் அழைத்து வேலை வாங்கிக் கூலி கொடுக்கும் குடியானவர், அந்த ஒரு நாளைக்குச் சட்டத்தின் கண்ணில் ஆலை முதலாளியைப் போலவே வேலை கொடுப்பவர் ஆகிறார். இதை நம்மவரிற் பெரும்பாலோர் உணர்வதில்லை. தொழிற்சட்டமெல்லாம் நகரத்து மில்லுக்கு உரியவை, நம் வரப்போடு நின்றுவிடும் என்று எண்ணியிருக்கின்றனர்.

அவ்வெண்ணம் பிழையானது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் இந்திய அரசாங்கத்தின் நான்கு தொழிற்சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துள்ளமையால், பழைய சட்டங்களை அரைகுறையாக அறிந்திருந்தவர்களும் மீண்டும் முதலிலிருந்து அறிந்துகொள்ளவேண்டிய தருணம் இது. சட்டம் எத்தனை முறை மாறினும், வேலை கொடுப்பவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டிய கருவி ஒன்றே. அது நாள்தோறும் எழுதப்பட்ட கூலிக் குறிப்பேடு. மாறுதல்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவ்வேட்டின் அவசியத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டம் மாறி வந்த வரலாறு

வேலைக்கென்று முன்பணம் வாங்கிய கூலியாள் வேலையை முடிக்காமல் போய்விட்டால், அவனை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தித் தண்டிக்க இடங்கொடுத்த சட்டம் ஒன்று 1859-இல் இயற்றப்பட்டது. அது 1925-இல் வேறொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. ஐம்பதாண்டு கழித்து, முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் நிறுத்துவதே குற்றமென்று 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் விதித்தது. ஒரே முன்பணம், ஒரு காலத்தில் வாங்கியவன் குற்றவாளி, மற்றொரு காலத்தில் அதைக்கொண்டு கட்டிவைத்தவன் குற்றவாளி. 'என் பாட்டனார் காலத்து வழக்கம்' என்னும் சமாதானம் ஏன் செல்லாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. அதன் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் விவசாய வேலையும் அப்பொழுதே சேர்க்கப்பட்டது. தஞ்சை ஜில்லாவில் 1952-இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பண்ணையாட்களின் கூலியையும் அவர்களை நீக்கும் முறையையும் வரையறுத்தது. கூலித் தகராறு முற்றிய கிழக்குத் தஞ்சையில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் தீக்கிரையானார்கள். அதன் பின்னரே, கணபதியா பிள்ளை கமிஷனின் விசாரணையைத் தொடர்ந்து, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. கூலியைப் பற்றிய பேச்சு காலத்தில் முடிக்கப்படாவிடில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஊர்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றன.

இப்பொழுது அமலிலிருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது. ஊதியப் பட்டுவாடாச் சட்டம் (1936), குறைந்தபட்சக் கூலிச் சட்டம் (1948), போனஸ் சட்டம் (1965), சம ஊதியச் சட்டம் (1976) ஆகிய நான்கும் இதனுள் அடங்கின. பழைய சட்டங்களின் கீழ் வெளியான விதிகளும் கூலி அறிவிப்புகளும், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில் தொடர்ந்து செல்லும். ஆகையால், 'பழையது போயிற்று, புதியது இன்னும் ஊருக்கு வரவில்லை. இடையில் ஒரு சட்டமும் இல்லை' என்று எவரும் எண்ணற்க.

2. குறைந்தபட்சக் கூலி

மாநில அரசாங்கத்தார் நிர்ணயிக்கும் கூலிக்குக் குறைவாகக் கொடுப்பது குற்றம். கூலியாள் தானே சம்மதித்துக் குறைந்த கூலிக்கு வந்தாலும் அச்சம்மதம் செல்லாது. மத்திய அரசாங்கத்தார் ஒரு அடித்தளக் கூலியை நிர்ணயிப்பர். மாநிலத்தின் கூலி அதற்குக் கீழே போகலாகாது. ஐந்தாண்டுக்கு மேற்படாமல் கூலி விகிதத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதும் ஷரத்து. இடையில் விலைவாசியை ஒட்டிப் படியும் மாறும். ஒருமுறை கேட்டறிந்த தொகையையே பல வருஷம் நம்பியிருப்பது, போன வருஷத்து மழையை நம்பி இந்த வருஷம் நாற்றுவிடுவதை ஒக்கும்.

நாட்கூலியை அன்றைய வேலை முடிந்தவுடனும், வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தின வேலைநாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும். 'நெல் விற்றபின் தருகிறேன்' என்பது இனிச் சட்டப்படி செல்லுபடியாகும் வாய்தா அன்று.

குறைத்துக் கொடுத்தவருக்கு ரூ.50,000 வரை அபராதம் விதிக்கலாம். ஐந்தாண்டுக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இவையன்றி, குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் கொடுக்கும்படி விசாரணை அதிகாரி உத்தரவிடலாம்.

3. ஆண் கூலியும் பெண் கூலியும்

கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கும் வேலையில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு பாத்தியை முடித்து வெளிவருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாலையில் கூலி எண்ணும்போது மட்டும் இருவகைத் தொகை வரும். காரணம் கேட்டால், 'ஆண் கூலி, பெண் கூலி என்று ஊரில் உள்ளதுதானே' என்பர். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பால் பற்றிக் கூலியில் வேற்றுமை காட்டலாகாது என்று 1976 முதலே சட்டம் கூறிவருகிறது. புதிய தொகுப்பும் அதையே கூறுகிறது. சமப்படுத்துவதற்காக ஆண்களின் கூலியைக் குறைப்பதும் கூடாது. வேலை வேறாயின் விகிதம் வேறாகலாம். வேலை ஒன்றாயின் கூலியும் ஒன்றே.

4. நெல்லும் சோறும்

களத்தில் மரக்காலால் நெல் அளந்து கொடுப்பதும், நடவு நாளில் சோறு போடுவதும் நம் பழைய மரபு. மரபைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கூலியைப் பணமாகவோ, காசோலையாகவோ, பாங்கிக் கணக்கு அல்லது மின்வழி மூலமாகவோ கொடுக்கவேண்டும் என்பதே இப்போதைய விதி. பொருளாகக் கொடுப்பதன் மதிப்பு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 15 வரையிலுமே கூலியாகக் கணக்கிடப்படும். கணக்குக்காக மட்டும் ஒரு நாட்கூலியை ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். அதில் ரூ.75 வரை பொருளாகக் கணக்கில் வரலாம். சோற்றுக்கும் நெல்லுக்கும் ரூ.200 கழித்துக்கொண்டு ரூ.300 கொடுத்தவர், குறைந்த கூலி கொடுத்தவரே ஆவார்.

5. முன்பணம்

இப்பகுதியை வாசகர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். ஏனெனில், நல்லெண்ணத்தோடு தொடங்கிக் குற்றத்தில் முடிவது பெரும்பாலும் இங்கேதான்.

கல்யாணத்துக்கோ, வைத்தியத்துக்கோ, பள்ளிச் செலவுக்கோ கூலியாள் பணம் கேட்பதும் குடியானவர் கொடுப்பதும் எங்கும் உள்ளதே. கொடுப்பது குற்றமன்று. அப்பணத்தின் பொருட்டு, அவர் வேறிடம் வேலைக்குப் போகக்கூடாது, ஊரைவிட்டு வெளியேறக்கூடாது, நிர்ணயக் கூலிக்குக் குறைவாக வாங்கவேண்டும், மனைவி மக்களும் வந்து உழைக்கவேண்டும் என்று விதிப்பதே குற்றமாகும். அவ்வாறு கட்டுப்படுத்திய கடன் சட்டப்படி அற்றுப்போகும். திருப்பிக் கேட்க வழியில்லை. கட்டுப்படுத்தியவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும் உண்டு. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பாரமும் கடன் கொடுத்தவரையே சேரும். டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பேயென 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முன்பணத்தைக் கூலியிற் பிடித்துக்கொள்ளும் முறையும் உண்டு. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தத் தவணைக் கூலியிற் பாதிக்கு மேற்படலாகாது. மேலே வைத்துக்கொண்ட ரூ.500 விகிதத்தில் ஆறு நாள் வேலை செய்தவருக்கு வாரக் கூலி ரூ.3,000. அதில் ரூ.1,500-க்கு மேல் பிடிக்கக்கூடாது. ரூ.6,000 முன்பணம் தீர நான்கு வாரத்துக்குக் குறையாமல் செல்லும். வேலைக்கு வருமுன் வழிச்செலவுக்கென்று கொடுத்த பணத்தைப் பிடிக்கவே கூடாது. வெளி மாநிலங்களிலிருந்து நடவுக்கு ஆள் வரவழைப்போர் இதைக் குறித்துக்கொள்க. கடன் தீருமுன் ஒருவர் விலக விரும்பினால் விலக விடவேண்டும். அவருடைய ஆதார் அட்டையையோ ரேஷன் அட்டையையோ வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது, கட்டுப்படுத்தியதற்கு நாமே சாட்சி வைத்ததாக முடியும்.

6. மேஸ்திரி மூலம் வேலை

'கூலியை மேஸ்திரியிடம் மொத்தமாக எண்ணிக் கொடுத்துவிட்டேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது' என்னும் விடை போதாது. நேரே கூலி கொடுக்கவேண்டியவர் கொடுக்கத் தவறினால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளரே பொறுப்பாளி என்று தொகுப்புக் கூறுகிறது. ஆகையால் ஒப்பந்தம் மேஸ்திரியோடு இருந்தாலும், பட்டுவாடா நிலத்துக்காரர் முன்னிலையில் ஆளுக்காள் நடப்பதே உத்தமம்.

7. சிறுவர்

14 வயது நிரம்பாத எவரையும் எந்த வேலைக்கும் வைக்கலாகாது. 1986-இன் சட்டம் சில தொழில்களை மட்டுமே தடுத்தது. 2016-இல் செய்த திருத்தம் எல்லாத் தொழிலையும் தடுத்தது. பள்ளி நேரம் போக மற்ற வேளையிலும் விடுமுறையிலும் தன் சொந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை உதவலாம், பயிர்த்தொழிலில் அவ்வளவே விலக்கு. தாயோடு பருத்தி எடுக்க வந்த பிள்ளைக்கு அரைக் கூலி கொடுப்பதைச் சிலர் தருமமென்று எண்ணுகின்றனர். ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறைக்கோ, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ அது வழியாகும்.

8. விபத்து

கலப்பையும் அரிவாளும் மட்டுமே இருந்த காலம் போய், டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானும் வந்துவிட்டன. அவற்றோடு ஆபத்தும் வந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், டிராக்டர் முதலிய விசைக் கருவிகளால் நடக்கும் பயிர்வேலை, இயந்திர அறுப்பு, கதிரடிப்பு, பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவை இடம்பெற்றிருந்தன. இப்பொழுது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தை ஏற்றுள்ளது.

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தில் மரணமடைந்தால், மாத ஊதியத்திற் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி நஷ்டஈடு கணக்கிடப்படும்; முழு ஊனத்துக்கு நூற்றுக்கு 60 வீதம். 2009-இல் செய்த திருத்தம் இவற்றின் குறைந்த அளவை முறையே ரூ.1,20,000 என்றும் ரூ.1,40,000 என்றும் உயர்த்தியது. ஒரு மாதத்துக்குள் கொடாவிடில் நூற்றுக்கு 12 வட்டியும், தக்க காரணமில்லையேல் தொகையிற் பாதி வரை தண்டமும் சேரும். இறந்தவர் குடித்திருந்தார், சொன்னபடி கேட்கவில்லை என்பன போன்ற வாதங்கள் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் செல்லா.

புதிய தொகுப்பில் முக்கியமான சேர்க்கை ஒன்றுண்டு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்ந்த விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். சரக்கு ஆட்டோவில் இருபது பெண்களை நிற்கவைத்து நடவுக்குக் கொண்டுவரும் வழக்கம் பல தாலுகாக்களில் உள்ளது. அவ்வண்டி கவிழ்ந்தால் இருபது குடும்பம் கெடும். அழைத்துவரச் சொன்னவரின் நிலமும் அதனோடு போகக்கூடும். இயந்திரம் வைத்திருப்போரும் அடிக்கடி பலர் வைத்து வேலை வாங்குவோரும் இன்ஷ்யூரன்ஸ் செய்துகொள்ளுதல் நலம். கதிரடிக்கும் இயந்திரத்தின் வாய்க்கு மேல்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. சேலைத் தலைப்பும் தளர்ந்த சட்டைக் கையும் இயந்திரத்தருகே ஆகா.

9. கூலிக் குறிப்பேடு

எனது சுற்றுவட்டத்துக் கிராமம் ஒன்றில், அடுத்தடுத்த நிலத்துக்காரர் இருவர்மீது ஒரே போகத்தில் கூலிக் குறைவு பற்றி மனுச் செய்யப்பட்டது. முதல்வர் தாம் முழுக் கூலியும் கொடுத்ததாகச் சத்தியம் செய்தார். உண்மையாகவே கொடுத்திருக்கலாம், ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கொடுத்த கூலியையே மறுபடியும் கொடுக்க நேர்ந்தது. இரண்டாமவருடைய மனைவியார் பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், வந்த ஆட்களின் பேரையும் கொடுத்த தொகையையும் தினந்தோறும் எழுதி, அவர்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி வைத்திருந்தார். அதைப் புரட்டிப் பார்த்ததில் இரண்டு நாள் கூலி விடுபட்டிருந்தது தெரிந்தது. அதை அங்கேயே கொடுத்தார், மனு முடிந்தது. அவரிடம் மனுச் செய்த பெண்மணி அடுத்த நடவுக்கும் அவர் வயலுக்கே வந்தார். ஏடு எழுதியதால் நிலத்துக்காரரின் பேர் நிலைத்தது. கூலிக்காரியின் இரண்டு நாட்கூலியும் கைக்கு வந்தது.

விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேற்படாமல் ஆள் வைப்பவர், சட்டத்திற் கண்ட பதிவேடுகளை வைக்கவேண்டியதில்லை என்று புதிய தொகுப்பு விலக்கு அளித்துள்ளது. இதைக் கேட்டுப் பலர் மகிழ்வர். ஆனால் அதே ஷரத்து, அதிகாரி கேட்கும்போது கூலி கொடுத்ததற்கு நியாயமான அத்தாட்சியைக் காட்டவேண்டும் என்றும் கூறுகிறது. கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பாரமும் வேலை கொடுத்தவரையே சார்ந்தது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்றிருந்தது, இப்பொழுது மூன்றாண்டாக நீண்டிருக்கிறது. மூன்றாண்டுக்கு முந்தின ஒரு நடவு நாளை எவருக்கு ஞாபகமிருக்கும்? ஆகையால் விலக்குப் பெற்ற சிறு குடியானவருக்கே ஏடு அதிகம் தேவை.

ஏடு வைக்கும் முறை எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் பின்வருவனவற்றை எழுதுக.

(1) தேதியும் வயலின் பேரும்.
(2) ஆளின் பேர், ஊர், புதியவராயின் வயது.
(3) செய்த வேலையும், தொடங்கி முடித்த நேரமும்.
(4) கூலி விகிதம்; பொருளாகக் கொடுத்ததன் மதிப்பு.
(5) முன்பணத்திற் பிடித்த தொகை, நிற்கும் பாக்கி.
(6) கையிற் கொடுத்த தொகை. வாங்கினவர் கையெழுத்து அல்லது ரேகை.

கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவோர் அதன் குறிப்பையும் எழுதிக்கொள்க. வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே ரேகை வாங்கி வைத்துப் பின்னர் நிரப்புவது மோசடியாகும். அது விசாரணையில் வெளிப்படாமல் போகாது. முடிந்த ஏட்டை மூன்றாண்டுக்குக் குறையாமல் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

10. கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

சட்டம் அரசிதழில் அச்சாவதால் மட்டும் ஊருக்குத் தெரிந்துவிடாது. மே 1-ஆம் தேதி கூடும் கிராம சபையில், அப்பொழுது அமலிலிருக்கும் விவசாயக் கூலி விகிதத்தை உரக்க வாசித்து, ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலும் எழுதிவைத்தால், பாதித் தகராறு தோன்றாமலே போம். ஜில்லாத் தலைநகரில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், மாறிய விகிதத்தையும் விதிகளையும் தொழிலாளர் துறையாரிடம் கேட்டு வரலாம்.

உழவர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உரிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. 2011-இல் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 18 முதல் 65 வயது வரையுள்ள விவசாயத் தொழிலாளரும், நஞ்சை 2½ ஏக்கர் அல்லது புஞ்சை 5 ஏக்கருக்கு மேற்படாத நிலமுடைய சிறு குடியானவரும் அதன் கீழ் வருவோராவர். தகுதியிருந்தும் சேராதோர் ஊர்தோறும் உள்ளனர். அவர்களின் பெயரைச் சேர்த்துவைப்பது, விபத்து நேர்ந்தபின் இரங்குவதிலும் மேலான உதவியாகும்.

முடிவுரை

ஒவ்வோராண்டும் ஏப்ரல் மாதத்தில் கூலி விகிதத்தைக் கேட்டு ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதுக. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுக்க. முன்பணம் கொடுப்பின் ஆளைக் கட்டாதிருக்க. பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக. இயந்திரத்துக்கு மூடியும் ஆளுக்கு இன்ஷ்யூரன்ஸும் தேடுக. அன்றாடக் கூலியை அன்றே கொடுத்து அன்றே எழுதுக. நோட்டுப் புத்தகம் ஒன்றின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு. அதை இந்த நடவுக்கு முன் வாங்கி, முதல் நாட்கூலியிலிருந்தே எழுதத் தொடங்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.